அப்பாவும் மகனும் வேட்டைக்குப் போன மலை!

நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிறது கொல்லிமலை. காரவள்ளியில் இருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் மலை உச்சிக்குப் போகலாம்.

அங்கே செம்மேட்டில் ஒரு சிலை நிற்கிறது. அவர்தான் வல்வில் ஓரி. இந்த மலையை ஆண்ட மன்னர். வேட்டையில் புலி!

ஒரே அம்பு!

ஓரி ஓர் அம்பு விட்டார். அது யானையை வீழ்த்தியது. புலியைக் கொன்றது. மானை உருட்டியது. பன்றியைச் சாய்த்தது. கடைசியில் புற்றில் கிடந்த உடும்பின் மேல் போய்த் தைத்தது!

புறநானூற்றில் வன்பரணர் என்ற புலவர் இப்படிப் பாடி இருக்கிறார். ஆண்டுதோறும் ஆடி மாதம் ஓரிக்கு அரசு விழா எடுக்கிறது.

வீடு திரும்பாத நாய்க்காரர்கள்

இந்த மலையில் வாழ்கிறவர்களுக்கு 'மலையாளிகள்' என்று பெயர். கேரளத்துக்காரர்கள் அல்ல, தமிழ் பேசும் பழங்குடி மக்கள். இவர்களிடம் ஒரு பழங்கதை உண்டு. 1909-ல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டன் நூலிலும் அது இருக்கிறது.

பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்று மூன்று சகோதரர்கள். காஞ்சிபுரத்தில் இருந்து நாய்களுடன் வேட்டைக்குப் புறப்பட்டார்கள். பெருமழை பிடித்துக்கொண்டது. நாய்கள் மட்டும் வீட்டுக்கு ஓடி வந்தன.

மனைவிமார் பார்த்தார்கள். "நாய் வந்துவிட்டது, ஆளைக் காணோம். இறந்துவிட்டார்கள்" என்று எண்ணினார்கள். வீட்டுக்குத் தீ வைத்து உயிரை விட்டார்கள்.

சகோதரர்கள் திரும்பி வந்தார்கள். சாம்பல்தான் இருந்தது! பிறகு வேறு பெண்களை மணந்து, மலைகளில் குடியேறினார்களாம்.

காடுதான் பள்ளிக்கூடம்

வேட்டைக்காரர் மகனுக்கு அப்பாதான் வாத்தியார். அப்பா முன்னால் நடப்பார். மகன் பின்னால் நடப்பான்.

காற்று எந்தப் பக்கம் வீசுகிறது? மனித வாடை மிருகத்தின் மூக்குக்குப் போகக்கூடாது. இது பன்றி கிளறிய மண். இது உடும்பின் நகக்கீறல். இப்படிப் பாடம் நடக்கும்.

அப்பாவுக்கு வயதாகும், கண் மங்கும். அப்புறம் மகன் முன்னால் நடப்பான், அப்பா பின்னால் வருவார். ஆனாலும் தடம் பார்த்துச் சொல்வது அப்பாதான்!

7 ஆண்டு சிறை

1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1991-ல் அது இன்னும் இறுக்கம் ஆனது. சட்டம் வந்தபோது 12 வயதுச் சிறுவனாக இருந்தவர், இன்று 60 வயதைத் தாண்டிய தாத்தா!

ஓரியின் அம்பு கடைசியாகத் தைத்தது உடும்பு அல்லவா? இன்று அந்த உடும்பைக் கொன்றால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. அபராதம் 25 ஆயிரம் ரூபாய்க்குக் குறையாது. உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கியை வீட்டில் வைத்திருப்பதும் குற்றம்.

கதையில் வந்த சகோதரர்கள் திரும்பியபோது வீடு இல்லை. இன்று வேட்டைக்குப் போகிறவனுக்கு வீடு இருக்கும். அவன்தான் வீடு திரும்பமாட்டான்!

பாடம் வீணா?

அப்படியானால் அப்பா கற்றுத்தந்த பாடம் வீணா? இல்லை.

தினையும் சாமையும் கேழ்வரகும் விளையும் மலை இது. மரவள்ளியும் உண்டு. பன்றிக்கூட்டம் புகுந்தால் ஒரே இரவில் தோட்டம் பாழ். எந்த வழியாக வந்தது, எத்தனை வந்தது என்று தடத்தைப் பார்த்தே பெரியவர்கள் சொல்வார்கள். அந்த வழியில் காவல் இருந்து, தகரம் தட்டி விரட்டலாம். பயிர் போனால் வனத்துறையிடம் இழப்பீடு கேட்கலாம்.

மின்வேலியும் அவுட்டுக்காயும் வேண்டவே வேண்டாம். பன்றிக்கு வைத்தது பெற்ற பிள்ளையின் உயிரைக் குடித்துவிடும்!

வயதான அப்பா வீட்டில் இருக்கிறாரா? பேரப்பிள்ளைகளை அவரோடு தோட்டத்துக்கு அனுப்புங்கள். தடம் காட்டச் சொல்லுங்கள். துப்பாக்கி இல்லாமலே அவர் சொல்லித்தருவார். அவருக்குப் பிறகு அதைச் சொல்ல ஆள் இல்லை!