சோக்கை எடுத்தா நிக்குதா உங்க பைக்?

செமஸ்டர் லீவு முடிஞ்சாச்சு. ஒரு மாசமா மூலையில கிடந்த பைக்கை வெளியே எடுக்கறீங்க. கிக்கரை உதைச்சு உதைச்சு கால் வலிச்சதுதான் மிச்சம். சோக் போட்டா ஸ்டார்ட் ஆகுது, எடுத்தா 'டப்'புனு நின்னுடுது. 'கார்ப்பரேட்டர் போச்சு தம்பி, புதுசு போட்டுடலாம்'னு ஒரு குரல் கேட்குதா? பர்ஸைத் திறக்காதீங்க, கொஞ்சம் பொறுங்க!

2020 ஏப்ரல்ல பி.எஸ்.6 விதி வந்த பிறகு, புது பைக்குகள் பெரும்பாலும் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறிடுச்சு. ஆனா, அப்பா ஓட்டி, அண்ணன் ஓட்டி, நம்ம கைக்கு வந்த வண்டியில இருக்கறது கார்ப்பரேட்டர்தானே!

அதோட வேலை ரொம்ப சிம்பிள். குறுகலான குழாய்ல காத்து வேகமா ஓடும்போது அங்கே அழுத்தம் குறையும். உடனே கீழே கிண்ணத்துல இருக்கற பெட்ரோல், ஜெட்ங்கற ஊசித்துளை வழியா மேலே ஏறிக் காத்தோட கலக்கும். எக்ஸாமுக்காக மனப்பாடம் பண்ணோமே, அதே பெர்னோலி! 1 கிராம் பெட்ரோல் முழுசா எரிய சுமார் 14.7 கிராம் காத்து வேணும். இந்தக் கணக்கு தப்பினா வண்டி மக்கர் பண்ணும்.

எங்கே தப்புதுன்னு வண்டியே சொல்லும். சோக் போட்டா மட்டும் ஓடுதா? பெட்ரோல் பத்தலை. பைலட் ஜெட்ல அடைப்பு இருக்கலாம், இல்லேன்னா இன்ஜினோட சேர்ற இடத்துல விரிசல் விட்டுக் காத்து உள்ளே போகலாம். ஐடில்ல நல்லா ஓடி, முறுக்கினா திணறுதா? மெயின் ஜெட்டைப் பாருங்க. ஓவர்ஃப்ளோ டியூப்ல பெட்ரோல் சொட்டுதா? ஃப்ளோட் ஊசி சரியா மூடலை. பிளக் கறுப்பா, புகையும் கறுப்பா இருந்தா பெட்ரோல் அதிகம். ஏர் ஃபில்டர் அடைச்சிருந்தாலும் இப்படித்தான் ஆகும்.

அதனால, செலவில்லாததுல இருந்து ஆரம்பிங்க. பெட்ரோல் டேப் 'ஆன்'ல இருக்கா? ஏர் ஃபில்டர் சுத்தமா? பிளக்ல ஸ்பார்க் வருதா? அடுத்து, இன்ஜின் ஆறின பிறகு, திறந்த வெளியில, டேப்பை மூடிட்டு, கார்ப்பரேட்டர் அடியில இருக்கற டிரெய்ன் ஸ்குரூவைத் தளர்த்தி, பழைய பெட்ரோலை ஒரு டப்பாவுல பிடிங்க. பக்கத்துல யாரும் சிகரெட் பத்த வெச்சுடக் கூடாது! பெட்ரோல்ல கலந்திருக்கற எத்தனால் ஈரத்தை இழுக்கும். அதனால டப்பாவுக்கு அடியில தண்ணி தேங்கினா ஆச்சர்யப்படாதீங்க. பல நேரம் இதுலேயே வண்டி கிளம்பிடும்.

கிளம்பலையா? ஜெட்டைக் கழட்டி, கார்ப்பரேட்டர் க்ளீனர் ஸ்பிரே அடிச்சு, காத்து பிடிச்சு ஊதணும். தயவுசெஞ்சு சேஃப்டி பின்னை விடாதீங்க! ஆர்வக்கோளாறுல நான் விட்டேன். அடைப்பு போச்சு, கூடவே துளையும் பெருசாயிடுச்சு. அப்புறம் மைலேஜ் இறங்கி, மாசக் கடைசியில பஸ்ஸுல போனேன். ஏர் ஸ்குரூவைத் தொடறதுக்கு முன்னாடியும், அது முழுசா மூட எத்தனை சுத்து ஆகுதுன்னு எண்ணிக் குறிச்சு வெச்சுக்கோங்க. திரும்ப அதே இடத்துக்கு வரணுமே!

'ஐடிலை ஏத்தி வெச்சா நிக்காது'ன்னு ஃப்ரெண்டு ஐடியா கொடுப்பான். அது நோயை விட்டுட்டு தைலம் தடவற வேலை. பின்னாடி லாரி வரும்போது நடுரோட்டுல வண்டி நின்னா, ஃப்ரெண்டா வந்து தள்ளுவான்?

இவ்வளவு செஞ்சும் சரியாகலைன்னா, தாராளமா மெக்கானிக் அண்ணன்கிட்ட போங்க. ஆனா 'வண்டி ஓடலைண்ணே'ன்னு நிறுத்தாதீங்க. 'சோக்கை எடுத்தா நிக்குது, டிரெய்ன் பண்ணிப் பார்த்துட்டேன், பிளக் ஓகே'ன்னு சொல்லிப் பாருங்க. புதுசு மாத்தற பேச்சுக்கு முன்னாடி, கழட்டிக் கழுவற பேச்சு வரும்!

அடுத்த லீவுக்கு ஊருக்குக் கிளம்பறப்போ, டேப்பை மூடிட்டு இன்ஜின் தானா நிக்கற வரைக்கும் ஓட விடுங்க. கிண்ணம் காலி... அடைப்புக்கும் லீவு!