நாரி வலியும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனும்

"ஸ்கேன் எடுத்துப் பார்த்தாச்சு மௌலவி, ஒன்றுமில்லையாம். ஆனா வலி மட்டும் போகுதில்லை."

என்னிடம் ஓதும் மாணவர் ஒருவரின் தாயார் இப்படிச் சொல்லிக் கண்கலங்கினார். ருகூஉவுக்குக் குனிந்தால் நிமிர முடிவதில்லையாம். வீட்டிலோ, "ஸ்கேனிலேயே ஒன்றுமில்லை, வேலைக்குக் கள்ளம்" என்ற பேச்சு.

நான் வைத்தியனல்லன். என்றாலும் அந்த அறிக்கையை வாங்கிப் பார்த்தேன். ஈரல், பித்தப்பை, சிறுநீரகம், கருப்பை எல்லாம் நலம் என்றிருந்தது. முள்ளந்தண்டைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை!

சகோதரிகளே, அல்ட்ராசவுண்ட் என்பது காதுக்குக் கேட்காத ஒலியை உடலுக்குள் அனுப்பி, அது பட்டுத் திரும்பும் எதிரொலியைப் படமாக்கும் முறை. நீரினூடாகவும் தசையினூடாகவும் அவ்வொலி இலகுவாகச் செல்லும். வயிற்றிலுள்ள பிள்ளை அத்தனை தெளிவாகத் தெரிவது அதனால்தான். எலும்போ ஒலியைத் தடுத்துவிடும். அதற்குப் பின்னாலுள்ளவை படத்தில் இருளாகவே விழும்.

கீழ் முதுகில் ஐந்து முள்ளென்புகள் அடுக்காக உள்ளன. அவற்றுக்கிடையே மெத்தைபோல் இருப்பதுதான் 'டிஸ்க்'. வெளியே நார் வளையம், உள்ளே களி போன்ற பொருள். வளையம் கிழிந்து களி பிதுங்கி நரம்பை அழுத்தினால், பிட்டத்திலிருந்து கால்வரை வலி இறங்கும். பின்புறமிருந்து ஸ்கேன் பிடித்தால் எலும்பு மறைக்கிறது. வயிற்றுப் பக்கமிருந்து பிடித்தால் மெலிந்தவர்களிடம் ஓரளவு தெரியும். கொழுப்பும் குடல் வாயுவும் அதையும் குழப்பிவிடும். (பிறந்து சில மாதங்களேயான குழந்தைக்கு முதுகெலும்பு முழுதாக இறுகியிருக்காது. ஆகவே அதன் முண்ணாணை இந்த ஸ்கேனில் நன்றாகவே பார்க்கலாம்.)

ஆகவே சாதாரண வயிற்று ஸ்கேன், டிஸ்க்கைப் பற்றி ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அதைக் காட்டுவது எம்.ஆர்.ஐ. ஸ்கேன்.

அதற்காக நகையை ஈடு வைத்து எம்.ஆர்.ஐ.க்கு ஓடிவிடாதீர்கள். 1994 இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், நாரி வலியே இல்லாத 98 பேரை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். அவர்களில் 52 வீதமானோருக்கு ஒரு டிஸ்க்காவது புடைத்திருந்தது! படத்தில் தெரிவதெல்லாம் நோயல்ல. பெரும்பாலான நாரி வலி சில வாரங்களில் தணிந்துவிடும். படுத்தே கிடப்பதைவிட இயன்றளவு நடமாடுவது நல்லது.

ஆனால் சிறுநீர் திடீரெனப் போகாமல் நின்றாலோ, சிறுநீரோ மலமோ அறியாமல் போனாலோ, தொடைகளுக்கிடையே மரத்தாலோ, கால் வலுவிழந்து வந்தாலோ அன்றே ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள். இவற்றைச் சொல்ல வெட்கப்பட்டு ஒருநாள் தாமதித்தாலும் நரம்பு மீளாமற் போகலாம். காய்ச்சல், காரணமின்றி மெலிதல், முன்னர் புற்றுநோய் இருந்தமை, விழுந்து அடிபட்டமை ஆகியவற்றோடு வரும் வலியையும் தாமதியாமல் வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

அந்தத் தாயாரைப் பிறகு பெண் வைத்தியர் ஒருவரிடம் அனுப்பினோம். அவர் எந்த ஸ்கேனும் கேட்கவில்லை. கட்டிலில் படுக்கவைத்து, முழங்காலை மடக்காமல் காலை உயர்த்திப் பார்த்தார். பெருவிரலை மேலே நிமிர்த்தச் சொன்னார். ஊசிமுனையால் பாதத்தைத் தொட்டுத் தொட்டுக் கேட்டார். பின்பு வெளியே நின்ற கணவரை உள்ளே அழைத்து, "இவவுக்கு நரம்பு அழுத்தப்படுகுது. வலி உண்மைதான்" என்றார்.