டிராக்டரை விட டிரெய்லர் கனம்: வாங்கும் முன் பிரேக்கைப் பாருங்கள்

மீஞ்சூர், பொன்னேரி பக்கம் நெல் மூட்டை ஏற்றி வரும் டிராக்டரும், எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு கன்டெய்னர் கொண்டு போகும் டிரெய்லர் லாரியும் ஒரே சாலையில்தான் போகின்றன. இரண்டிலும் முன்னால் ஒன்று இழுக்கிறது, பின்னால் ஒன்று வருகிறது. ஆனால் துறைமுக லாரியில் டிரைவர் பிரேக்கை மிதித்தால் பின்வண்டியின் சக்கரங்களும் காற்று பிரேக்கில் சேர்ந்து பிடிக்கும். கன்டெய்னரின் நான்கு மூலையிலும் திருகுப் பூட்டு இருக்கும். நம்மூர் டிராக்டர் டிரெய்லர்களில் பாதிக்கு மேல் பிரேக் இருப்பதில்லை, இருந்தாலும் வேலை செய்வதில்லை என்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 45 குதிரைத்திறன் டிராக்டரின் எடை சுமார் 2 டன். காலி டிரெய்லர் ஒன்றரை டன் என்று வைத்துக்கொள்வோம். அதில் 40 கிலோ நெல் மூட்டை 125 ஏற்றினால் 5 டன். ஆக, இழுக்கிற வண்டியைப் போல மூன்று மடங்குக்கு மேல் எடை பின்னால் வருகிறது. அத்தனையையும் டிராக்டரின் இரண்டு பின்சக்கரங்களே நிறுத்த வேண்டும். வேகம் 20 கிலோமீட்டரிலிருந்து 40 ஆனால், பிரேக் பிடித்த பிறகு நிற்க வேண்டிய தூரம் இரண்டு மடங்கு ஆகாது, நான்கு மடங்கு ஆகும். பாலத்து இறக்கத்தில் டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுபவர்கள் இதை யோசிக்க வேண்டும். இறக்கத்தில் கியரில்தான் இறங்க வேண்டும். கியரையும் இறக்கம் தொடங்கும் முன்பே மாற்றிவிட வேண்டும்.

உழவுக்குத் திரும்பும்போது வசதியாக டிராக்டரில் இடது, வலது என இரண்டு பிரேக் பெடல் இருக்கிறது. ரோட்டுக்கு ஏறும் முன் இரண்டையும் கொக்கியால் இணைத்துவிடுங்கள். லோடுடன் போகும்போது ஒரு பெடல் மட்டும் மிதிபட்டால் டிராக்டர் ஒரு பக்கம் திரும்பும், டிரெய்லர் பின்னாலிருந்து தள்ளும், வண்டி மடங்கிக் குடை சாயும்.

புது டிரெய்லர் வாங்கப் போனால் பெயின்ட் பளபளப்பைப் பார்க்காதீர்கள். குனிந்து அச்சையும், பட்டைகளையும், இழுவைக் கம்பியின் வெல்டிங்கையும் பாருங்கள். பிரேக் வைத்துத் தரச் சொல்லி கேளுங்கள். கொஞ்சம் கூடுதல் செலவுதான், ஆனால் பேரம் பேச வேண்டிய இடம் இது இல்லை. டயர் நான்கும் ஒரே அளவாக இருக்கட்டும். லாரியில் தேய்ந்து கழித்த டயரைப் போட்டுத் தருவது பல பட்டறைகளில் வழக்கம்.

இரண்டு சக்கர டிரெய்லரா, நான்கு சக்கரமா என்பது உங்கள் வேலையைப் பொறுத்தது. இரண்டு சக்கரத்தில் சுமையில் ஒரு பங்கு டிராக்டரின் பின்பக்கம் அமரும். சேற்று வயலில் சக்கரம் வழுக்காமல் இருக்க அது உதவும், பின்னால் எடுப்பதும் சுலபம். ஆனால் கனத்தைப் பின்பக்கமாக ஏற்றிவிட்டால் கொக்கி மேலே தூக்கும், டிராக்டர் பிடிப்பை இழக்கும். எனவே கனமான சாமான் அச்சுக்குச் சற்று முன்னால் இருக்க வேண்டும். நீண்ட தூரம், அதிக பாரம் என்றால் நான்கு சக்கரம் நல்லது.

டிரெய்லரை இழுவைக் கொக்கியில் மட்டுமே மாட்டுங்கள். டாப் லிங்க்கில் சங்கிலி போட்டு இழுப்பது உயிருக்கு உலை வைக்கும். இழுக்கும் இடம் பின் அச்சை விட உயரமானால் டிராக்டரின் முன்பக்கம் எழும்பி, ஓட்டுபவர் மீதே கவிழும். கொக்கிக்குக் கிடைத்த கம்பியை வளைத்துச் செருகாமல், பூட்டுடன் கூடிய பின் போடுங்கள். கூடவே ஒரு பாதுகாப்புச் சங்கிலியும் வேண்டும்.

பவர் டில்லர், மினி டிராக்டர் ஏற்றிச் செல்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். ஏற்றும்போது டிரெய்லர் டிராக்டரில் மாட்டியே இருக்க வேண்டும், சக்கரங்களுக்குக் கல் வைத்திருக்க வேண்டும். கழற்றி வைத்த இரண்டு சக்கர டிரெய்லரில் பின்பக்கமாக இயந்திரத்தை ஏற்றினால் பெட்டி அப்படியே பின்னால் சாயும். ஏற்றும் பலகை நழுவாதபடி பெட்டியோடு கட்டப்பட்டிருக்கட்டும். மினி டிராக்டரைச் சரிவில் பின்பக்கமாக ஏற்றுவதே பாதுகாப்பு. ஏற்றுமதிக்கு எண்ணூர் வரும் கார்களைச் சுமக்கும் லாரிகளை கவனியுங்கள். ஒவ்வொரு காரின் சக்கரங்களையும் பட்டையால் இறுக்கியிருப்பார்கள். ஹேண்ட் பிரேக்கை நம்பி விட்டிருக்க மாட்டார்கள். நமக்கும் நான்கு மூலைக் கட்டு வேண்டும். தேங்காய் நார்க் கயிறு போதாது.

தண்ணீர் டேங்கர் இழுப்பவர்களே, ஆயிரம் லிட்டர் என்றால் ஒரு டன். பாதி நிரப்பிய டேங்க் நிறைந்ததை விட மோசம். திருப்பத்தில் தண்ணீர் ஒரு பக்கமாக அடித்து வண்டியைச் சாய்க்கும்.

டிரெய்லரில் ஆள் ஏற்றும் பழக்கம் மட்டும் மாறவே மாட்டேன் என்கிறது. 2022 அக்டோபர் 1 அன்று உத்தரப் பிரதேசத்தின் கான்பூர் மாவட்டத்தில், கோயிலுக்குப் போய்த் திரும்பிய டிராக்டர் டிரெய்லர் குளத்தில் கவிழ்ந்து 26 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும்தான். நாற்று நடவுக்கு ஆள் கூட்டிப் போவதும், கோயில் திருவிழாவுக்குப் போவதும் நம்மூரிலும் அப்படித்தானே நடக்கிறது? மூட்டை மேல் உட்கார்ந்து வருபவருக்கு ஏதாவது ஆனால் காப்பீட்டு நிறுவனம் பணம் தர மறுக்கலாம், வழக்கு உங்கள் தலையில் விழும்.

மோட்டார் வாகனச் சட்டப்படி டிரெய்லரும் தனி வாகனம். அதற்கும் பதிவு வேண்டும், டிராக்டர் பாலிசியில் அது சேர்ந்திருக்கிறதா என்று ஏஜென்டிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். விவசாயத்துக்குப் பதிந்த வண்டியில் வாடகைக்கு மணல், செங்கல் அடித்தால் இழப்பீடு கிடைப்பது சிக்கலாகும். அதிக பாரத்துக்கு 2019 திருத்தப்படி 20,000 ரூபாய் அபராதம், கூடுதல் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய்.

இரவில் பின்னால் வரும் கன்டெய்னர் லாரிக்கு உங்கள் டிரெய்லர் தெரிய வேண்டும். பின்பக்கம் சிவப்பு, பக்கவாட்டில் மஞ்சள் ஒளிரும் பட்டை ஒட்டுங்கள். வைக்கோல் ஏற்றினால் அது பட்டையை மறைக்கும், அதனால் கட்டின் மீதும் ஒன்றைத் தொங்கவிடுங்கள். பழுதாகி நின்றால் சாலையோரத்தில் கல் வைத்துவிட்டுப் போகாமல், ஒளிரும் முக்கோணத்தைத் தள்ளி வையுங்கள்.

ஹைட்ராலிக் டிப்பர் வைத்திருப்பவர்கள், கொட்டும் முன் தலைக்கு மேல் மின்கம்பி இருக்கிறதா என்று நிமிர்ந்து பாருங்கள். சமதரையில் மட்டும் தூக்குங்கள். தூக்கிய பெட்டிக்கு அடியில் கிரீஸ் வைக்கவோ குழாயைப் பார்க்கவோ போவதானால், முட்டுக் கொடுத்த பிறகே குனியுங்கள்.