அடைப்பானைக் காட்டிக் கொடுக்கும் நீலச் சாயம்

முதல் நாள் மாலை வரை நன்றாக மேய்ந்த மாடு, விடிந்து பார்த்தால் இறந்து கிடக்கும். வயிறு உப்பியிருக்கும். மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கருஞ்சிவப்பு இரத்தம் கசியும். இது அடைப்பான் நோயாக இருக்கலாம். ஆனால் இடி விழுந்தாலும், பாம்பு தீண்டினாலும், வயிறு உப்பினாலும் மாடு திடீரென இறப்பதுண்டு. சாவுக்குக் காரணம் அடைப்பான்தானா என்று விரைவில் அறிய ஒரு சொட்டு இரத்தமும் சிறிது சாயமும் உதவுகின்றன.

சாயம் எதற்கு?

கால்நடை மருத்துவர் இறந்த மாட்டின் காது நரம்பில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்து, கண்ணாடித் தகட்டில் மெல்லியதாகத் தடவி உலர்த்துவார். கிருமிகளுக்கு நிறம் கிடையாது. எனவே மைக்ராஸ்கோப்பில் வைத்தாலும் அவை தெளிவாகத் தெரியா. அதற்காகவே மெத்திலீன் நீலம் என்னும் சாயம் இடப்படுகிறது.

புதிதாகக் கரைத்த சாயம் இதற்கு ஏற்றதல்ல. பல மாதங்கள் காற்றுப்பட வைத்துப் பழகிய சாயமே வேண்டும். அப்போதுதான் அதன் ஒரு பகுதி வேறு சாயங்களாக மாறி இரு நிறம் காட்டும். அடைப்பான் கிருமிகள் வெட்டிய மூங்கில் துண்டுகள் போல் நீல நிறத்தில் தெரியும். அவற்றைச் சுற்றியுள்ள உறை இளஞ்சிவப்பாக இருக்கும். அழுகல் கிருமிகளும் குச்சி வடிவமுடையவையே. ஆனால் அவற்றிற்கு இந்த இளஞ்சிவப்பு உறை இல்லை. இந்த அடையாளத்தை 1903-ல் பிரிட்டனைச் சேர்ந்த கால்நடை அறிஞர் ஜான் மெக்ஃபேடியன் எடுத்துரைத்தார்.

விவசாயிகள் செய்ய வேண்டியது

உடல் அழுக அழுக அடைப்பான் கிருமிகள் அழிந்து விடும். பிறகு சாயமிட்டும் பயனில்லை. ஆகவே மாடு இறந்தவுடன் கால்நடை மருத்துவமனைக்குத் தகவல் கொடுக்க வேண்டும்.

இறந்த மாட்டை அறுக்கவோ தோலுரிக்கவோ கூடாது. இறைச்சியை உண்ணவும் கூடாது. காற்றுப்பட்டால் கிருமிகள் வித்துகளாக மாறி, மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடிருக்கும். மனிதரையும் இந்நோய் தாக்கும். மருத்துவர் காதில் ஒரு சொட்டு மட்டும் எடுப்பதும் இதனால்தான். உடலை அவர் சொல்லும்படி எரிக்க வேண்டும். அல்லது 6 அடிக்குக் குறையாத ஆழத்தில் புதைக்க வேண்டும்.

தோலின் விலையைப் பார்த்து மாட்டை அறுப்பவர், அடுத்த தலைமுறையின் மேய்ச்சல் நிலத்திலும் நோயை விதைக்கிறார். நோய் கண்ட ஊர்களில் எஞ்சிய மாடுகளுக்கும் ஆடுகளுக்கும் ஆண்டுதோறும் தடுப்பூசி போட்டுக் கொள்வது அவசியம்.