தண்டுக் கசிவும் நீர்ப்பம்பியின் அமைப்பும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் நீரோடும் ஆறு ஒன்றேனும் இல்லை. வழுக்கையாறும் மாரிகாலத்திலேயே ஓடும். ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை பெய்யும் மழை சுண்ணாம்புக்கற் பாறைகளினூடே இறங்கித் தங்க, அதனைக் கிணற்றிலிருந்து இறைத்தே கமக்காரர் வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் விளைவிக்கின்றனர். முன்னாளில் துலாவும் பட்டையும் செய்த இவ்வேலையை 1950களிலும் 1960களிலும் எண்ணெய் இயந்திரம் பூட்டிய பம்பிகள் பெருமளவில் ஏற்றுக்கொண்டன; பின்னர் மின் மோட்டர்கள் வந்தன. துலா முறிந்தால் ஊர்த் தச்சர் அன்றே வேறொன்று பூட்டிக் கொடுத்துவிடுவார். பம்பி நின்றால் அவ்வாறன்று. வெங்காயம் கிழங்கு வைக்கும் வேளையிற் செம்மண் பாத்தி நான்கைந்து நாட்களுக்கு ஒருமுறை நீரை வேண்டி நிற்கும். அந்நாட்களிற் பம்பி பட்டறையிற் கிடந்தால் நட்டம் பம்பிக்கன்று, பயிருக்கே.

பம்பியைப் பட்டறைக்கு அனுப்பும் குற்றங்களுள் அடிக்கடி நேர்வது தண்டுக் கசிவாகும். அது நேரும் இடம் எதுவென முதலில் அறிதல் வேண்டும். மையநீக்கப் பம்பியிற் சுழலி கூட்டுக்குள்ளே இருக்கின்றது. அதனைச் சுழற்றும் மோட்டரோ வெளியே இருக்கின்றது. இரண்டையும் இணைக்கும் தண்டு கூட்டின் சுவரைத் துளைத்தே செல்லவேண்டும். துளை தண்டினும் சற்றுப் பெரிதாயிராவிடிற் தண்டு சுழலாது. பெரிதாயிருப்பின் அதன்வழி நீர் வெளியேறும். சுழலும் தண்டுக்கும் அசையாக் கூட்டுக்கும் இடையிலுள்ள இச்சிறு வெளியை அடைப்பதே சீலின் தொழில்.

கசிவு வெளிமுகமாக மட்டுமே நிகழுமென எண்ணுதல் தவறு. நீர்மட்டத்துக்கு மேலே நிற்கும் பம்பிக்கு நீரை ஏற்றிக்கொடுப்பது வளிமண்டல அமுக்கமாகும். கடல்மட்டத்தில் அவ்வமுக்கம் ஏறக்குறைய 10.3 மீற்றர் உயரமான நீர்த்தூணைத் தாங்கும். குழாயின் உராய்வு முதலிய இழப்புக்கள் போக, நடைமுறையில் 6 அல்லது 7 மீற்றருக்கு மேல் எதிர்பார்த்தலாகாது. பம்பி நீரை உறிஞ்சத் தொடங்கும்பொழுது கூட்டினுள்ளே அமுக்கம் குறைகின்றது. தேய்ந்த சீல் அவ்வேளையிற் காற்றை உள்ளே விடும்; காற்றுப் புகுந்த பம்பி நீரை எடுக்காது. பலர் இதனை அடிவால்வின் குற்றமெனக் கருதிக் கிணற்றுக் குழாய் முழுவதையும் மேலே இழுத்துப் பார்க்கின்றனர். பம்பியை நிறுத்திய பின்னர் தண்டடியிலே நீர் சொட்டிக்கொண்டிருக்குமாயின், குழாயைக் கழற்றுமுன் தண்டின் அடைப்பைப் பார்த்தல் நன்று.

அடைக்கும் முறை இரண்டு. பழைய முறை பாக்கிங் கயிறு. தண்டைச் சூழ்ந்த ஓர் உருளைப் பெட்டியிற் கொழுப்பூட்டிய கயிற்று வளையங்களை அடுக்கி, கிளாண்டு எனப்படும் வளையத்தால் வெளியிலிருந்து நெருக்குவர். ஜேம்ஸ் வாட்டின் நீராவி இயந்திரத்திலும் உந்துதண்டை அடைத்தது இத்தகைய பெட்டியே. இம்முறையில் ஒரு சிறு கசிவு இருந்தேயாகவேண்டும். அக்கசிவே கயிற்றைக் குளிரச் செய்து வழவழப்பூட்டுகின்றது. நிமிடத்துக்கு 40 முதல் 60 சொட்டு வரை பொருத்தமெனக் கொள்ளப்படும். அறுபது சொட்டென்றாலும் ஆறு மணிநேர இறைப்பில் இழப்பது ஏறக்குறைய ஒரு லீற்றர் நீரே. அதனைப் பொறாது கிளாண்டின் சுரைகளை இறுக்கிச் சொட்டை முற்றாய் நிறுத்துவோர் மிகப் பலர். இறுக்கிய கயிறு எரிந்து கருகும். கருகிய கயிறு தண்டிலே பள்ளம் அறுக்கும். பள்ளம் விழுந்த தண்டில் எத்தனை புதுக்கயிறு வைத்தாலும் கசிவு நிற்காது.

இவ்விடத்தில் பம்பியின் அமைப்பு முதன்முறையாக முக்கியம் பெறுகின்றது. நல்ல பம்பியில் அடைப்பு நிற்கும் பகுதியிலே தண்டின்மீது வெண்கலத்தினாலோ துருவேறா உருக்கினாலோ செய்த ஓர் உறை போர்த்தப்பட்டிருக்கும். பள்ளம் விழுவது உறையில், தண்டு தப்பும். உறையை மாற்றுவது சிறுசெலவு. உறையில்லாத பம்பியிலோ தண்டையே கடைசற் பட்டறைக்குக் கொண்டுபோதல் வேண்டும். விலைப்பட்டியலில் இவ்வேறுபாடு தெரியாது, கேட்டறிதல் வேண்டும்.

கயிறு மாற்றும் முறையைச் சுருக்கமாய்க் கூறுவோம். பழைய வளையங்கள் அனைத்தையும் கொக்கியால் வெளியே எடுத்தல் வேண்டும். பழையதன்மேற் புதியதொன்றைத் திணிப்பது சில நாட்களுக்கே உதவும். தண்டின் பருமனுள்ள ஒரு கோலிற் கயிற்றைச் சுற்றி வளையங்களை அளவாய் வெட்டி, ஒவ்வொன்றின் பொருத்துவாயும் அடுத்ததன் பொருத்துவாய்க்கு நேரே வராதபடி காற்சுற்று விலக்கி வைத்தல் வேண்டும். சுரைகளை முதலிற் கைவிரலால் மட்டும் இறுக்குக. பம்பி ஓடத் தொடங்கியபின் தாராளமாய்ச் சொட்டவிட்டு, பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி, ஒவ்வொரு சுரையையும் ஆறிலொரு சுற்று மாத்திரம் திருப்புக. இது பொறுமை வேண்டும் வேலை. பழைய கயிறுகளுட் சில கல்நார் கலந்தவை. கல்நார்த் தூசு நுரையீரலுக்குக் கேடு விளைவிப்பதாகையால் அத்தகைய கயிற்றை உலர்ந்த நிலையிற் சுரண்டாது நனைத்தே எடுத்தல் வேண்டும். காரீயகம், செயற்கை நார் ஆகியவற்றாற் செய்த கயிறுகள் இன்று கிடைப்பதால் கல்நாரை நாடவேண்டிய தேவை இல்லை.

இரண்டாவது முறை பொறிமுறைச் சீல். தண்டோடு சுழலும் வளையமொன்றும் கூட்டிலே அசையாது நிற்கும் வளையமொன்றும் முகத்தோடு முகம் பொருந்த, ஒரு சுருள்வில் அவற்றை நெருக்கிப் பிடிக்கின்றது. ஒரு முகம் பெரும்பாலும் கரியினாலும், மற்றையது மட்பாண்டக் கல் போன்ற கடினப் பொருளினாலும் ஆனது. இம்முகங்கள் ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்திலொரு பங்கினும் குறைந்த ஏற்றத்தாழ்வே உள்ளனவாகத் தேய்த்து மட்டஞ் செய்யப்பட்டவை. ஆதலாற் சொட்டுவதில்லை. ஆயின் அவற்றிடையே ஒரு மெல்லிய நீர்ப்படலம் இருந்தேயாக வேண்டும். நீர் நிரப்பாமற் பம்பியை ஓட்டினாற் சில நிமிடங்களிலேயே முகங்கள் கொதித்துப் பழுதாகும். கொதித்த நிலையில் குளிர்நீரை ஊற்றினாற் கல்வளையம் வெடிக்கும். எமது கிணறுகளில் கோடைக்கடைசியில் நீர் வற்றிக் காற்றை உறிஞ்சும் பம்பிகளிலே சீல் அடிக்கடி போவதற்கு இதுவே பெருங்காரணம்.

சீலின் விலையைக் காட்டிலும் அதனை அடையும் வழியே பெருஞ்செலவு. ஆகவே, பம்பியை ஆக்குவோர் கவனிக்கவேண்டியதும், வாங்குவோர் ஆராயவேண்டியதும் யாதெனில், சீலை எடுப்பதற்கு எத்தனை பொருளைக் கழற்றவேண்டும் என்பதாகும். பழைய அமைப்புக்கள் சிலவற்றில் உறிஞ்சுகுழாயையும் வெளியேற்று குழாயையும் கழற்றி, மோட்டரைப் பீடத்தினின்றும் தூக்கி, பின்னரே கூட்டைத் திறக்கலாம். திரும்பப் பூட்டும்போது குழாயின் நேர்மையும் தண்டுகளின் நேர்மையும் கெட்டுவிடும்; நேர்மை கெட்ட பம்பியிற் புதுச்சீலும் நெடுநாள் நில்லாது. இவ்வாறு ஒரு திருத்தம் அடுத்த திருத்தத்துக்கு வித்திடும்.

இதற்கு மாற்றாக அமைந்ததே பின்புறமாக இழுத்தெடுக்கும் அமைப்பு. இதிற் கூடும் இரு குழாய்களும் பீடத்திலே இருந்தபடி இருக்கும். கூட்டின் பின்மூடியைப் பிடிக்கும் ஆணிகளைக் கழற்றினால், சுழலி, தண்டு, சீல், பெயாரிங் யாவும் ஒரே தொகுதியாகப் பின்னே வந்துவிடும். மோட்டருக்கும் பம்பிக்கும் இடையிலுள்ள கப்ளிங்கில் 100 அல்லது 140 மில்லிமீற்றர் நீளமான இடைத்துண்டு ஒன்றிருப்பின், அதனை மட்டும் எடுத்துவிட்டு, மோட்டரையும் அசைக்காது வேலையை முடிக்கலாம். 1975 இல் வெளியான சர்வதேச நியமம் 2858 இவ்வகைப் பம்பிகளின் குழாய்வாய், பாதம் ஆகியவற்றின் அளவுகளை வரையறுத்தது. அந்நியமத்துக்கு அமைந்த பம்பியொன்றின் இடத்தில் வேறொரு தொழிற்சாலையின் பம்பியைக் குழாய் மாற்றாது பொருத்தலாம். சீல் நிற்கும் பெட்டியின் அளவுகளுக்கும் 3069 என்னும் தனி நியமம் உண்டு. கூட்டுறவுச் சங்கங்களும் ஊர் நீர்வழங்கலுக்குப் பொறுப்பானோரும் பெரிய பம்பிகளை வாங்கும்போது இவ்விரு இலக்கங்களையும் கேட்டு வாங்குதல் தகும்.

சிறு கமக்காரர் பெரும்பாலும் பயன்படுத்துவது மோட்டரும் பம்பியும் ஒரே உடலான மொனோபுளொக் வகை. இதிலே சுழலி மோட்டரின் தண்டிலேயே பூட்டப்பட்டிருக்கும். நான்கு அல்லது ஆறு ஆணிகளைக் கழற்றினால் மோட்டரோடு அனைத்தும் பின்னே வரும். நேர்மை பார்க்கும் வேலையும் இல்லை. எமது கருத்தில், ஓரேக்கரினும் குறைந்த தோட்டத்துக்கு இதுவே பொருந்தும். ஆயினும் இரண்டு குறைகள் உண்டு. சீலுக்கும் மோட்டரின் முன் பெயாரிங்குக்கும் இடைவெளி மிகக் குறுகியது. சீல் கசிந்தால் நீர் தண்டுவழியே மோட்டருக்குட் செல்லும். ஆகையால் அவ்விடைவெளியில் நீரை வெளியே வீசியெறியும் றப்பர் வளையமும், கீழே நீர் வடிய ஒரு திறப்பும் உள்ள பம்பியையே தேர்ந்தெடுக்க. அத்திறப்பைக் குளவி கூடு கட்டி அடைத்துவிடுவதுண்டு, மாதமொருமுறை பார்த்துக்கொள்க. மற்றைய குறை, சுழலியைத் தண்டிலே புரியாற் பூட்டியிருப்பின், மும்முனை மின்னிணைப்பு மாறி மோட்டர் எதிர்த்திசையிற் சுழன்றால் சுழலி கழன்று கூட்டில் உரசும் என்பது. மின்னிணைப்பைத் தொட்டபின் சுழலும் திசையை நோக்காது பம்பியை ஓடவிடுதல் கூடாது.

சிறு அமைப்புக்கள் சிலவும் பெரும்பயன் தரும். பின்மூடியைத் தள்ளி வெளியேற்றுதற்கென இரண்டு திருகாணித் துளைகள் இருப்பின், உளியும் சுத்தியலும் வேண்டியதில்லை. உளியால் நெம்பியெடுத்த மூடி மறுமுறை மட்டமாய் அமர்வதில்லை. தண்டின் படிகள் சரிவாய்ச் சீவப்பட்டிருப்பின் சீலின் றப்பர் கிழியாது செல்லும். தண்டின் பருமனும் நோக்கத்தக்கது. பெயாரிங்குக்கு அப்பால் நீண்டு நிற்கும் தண்டு நீரின் உதைப்பால் வளைகின்றது. அவ்வளைவு நீளத்தின் மும்மடிப்பெருக்கத்துக்கு நேராகவும், விட்டத்தின் நான்மடிப்பெருக்கத்துக்கு மாறாகவும் அமையும். 25 மில்லிமீற்றர்த் தண்டை 30 மில்லிமீற்றராக்கினால் வளைவு பாதியாகிவிடும். நீளத்தை இரட்டித்தாலோ எட்டுமடங்காகும். சீல் நிற்குமிடத்தில் வளைவு 0.05 மில்லிமீற்றருக்கு மேற்படலாகாதெனப் பெரும் பம்பிகளுக்கு விதித்திருக்கின்றனர். நீண்டு மெலிந்த தண்டுள்ள மலிவான பம்பி ஆண்டுதோறும் சீல் கேட்பதன் மருமம் இதுவே.

முன்னரே அளவு பொருத்தி ஒரே பெட்டகமாய் விற்கப்படும் சீல்களும் உள. அவற்றைப் பூட்டுவோர் சுருள்வில்லின் நெருக்கத்தை அளக்கவேண்டியதில்லை. விலை அதிகமாகையாற் பெரும் பம்பி நிலையங்களுக்கே அவை தகும்.

எமது நீரின் இயல்பும் கருதற்பாலது. சுண்ணாம்புக்கற் கிணற்று நீர் வன்னீர். அதிலுள்ள சுண்ணாம்பு சீலின் சுருள்வில்லிலே படிந்து இறுகினால், வில் முகங்களை நெருக்காது. முகங்கள் தேயாதிருந்தும் சீல் கசியும். பல சிறு விற்களைக் கொண்ட சீலினும் ஒற்றைப் பெருவில்லைக் கொண்டது இந்நீரிற் சிறப்பாய் உழைக்கும். மணல் வரும் கிணறுகளிற் கரிமுகம் விரைவில் அராவப்படும். அங்கே இருமுகமும் சிலிக்கன் காபைட்டினாலான சீல் விலை கூடினும் இலாபமே.

சீல் மாற்றுமுன் மின்னைப் பிரதான ஆளியிலே நிறுத்துக. எண்ணெய் இயந்திரமாயின் தீப்பொறிக் கம்பியைக் கழற்றிவிடுக. புதுச்சீலின் முகங்களை விரலாற் தொடலாகாது. தொட்டிருப்பின் தூய துணியாற் துடைக்க. றப்பர்ப் பகுதி இலகுவாய்ச் செல்லச் சவர்க்கார நீர் தடவுக. சிலவகை றப்பர் எண்ணெயில் ஊறி வீங்குமாதலால் எண்ணெயும் கிறீசும் வேண்டாம். பூட்டி முடிந்ததும் கூட்டை நீரால் நிரப்பி, தண்டைக் கையாற் பலமுறை சுழற்றிப் பார்த்து, அதன்பின் ஓட்டுக.

பம்பி அறை கட்டுவோரும் ஒன்றை நினைவிற் கொள்வாராக. சுவரோடு ஒட்டிப் பம்பியை இருத்தினால் மேற்சொன்ன அமைப்புக்கள் யாவும் வீணே. தொகுதியைப் பின்னே இழுத்தெடுக்க அதன் நீளமளவு வெளியும், ஒருவர் குந்தியிருந்து வேலை செய்ய இடமும் விடுக. குழாய்களின் பாரத்தைக் கூட்டின்மேற் சுமத்தாது தனிமுண்டு கொடுத்துத் தாங்குக. வெளியேற்று குழாயில் ஒரு யூனியனும் வால்வும் பொருத்துக. தண்டின் விட்டம், சீல் அமரும் குழியின் விட்டம், சீலின் உயரம் ஆகிய மூன்றளவையும் அறைச் சுவரிலே வர்ணத்தால் எழுதி வைத்தால், இறைப்பு நாளிற் பம்பியைக் கழற்றுமுன்னரே கடைக்கு ஆளனுப்பலாம். ஒரு மேலதிகச் சீலை உறையோடு வீட்டில் வைத்திருப்பின் அப்பயணமும் வேண்டியதில்லை.