நீலத்திரை வந்தால் குற்றவாளி யார்? கெர்னல் கிராஷ் துப்பறிவது இப்படித்தான்

பாலக்காட்டுக்காரர்களுக்கு ஃப்ளைட் என்றால் கோவை, மூணாறுக்காரர்களுக்கு கொச்சி. 2024 ஜூலை 19 அன்று பயணம் கிளம்பியிருந்தால் உங்களுக்கு மறந்திருக்காது. நாடு முழுக்க செக்-இன் தடுமாறியது, சில இடங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். உலகளவில் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் நின்றன. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு அப்டேட் ஃபைல்தான் காரணம்.

ஒரு ஃபைலால் எப்படி முடியும்?

பிரவுசர் செத்தால் பிரவுசர் மட்டும்தான் மூடும். கெர்னல் அப்படியில்லை. அதற்குள் ஓடும் டிரைவர்கள் எல்லாம் ஒரே மெமரியைப் பங்கு போடுகின்றன. அங்கே தப்பு நடந்தால், உங்கள் டேட்டா கெடுவதைவிட மெஷினையே நிறுத்துவது மேல் என்று ஓ.எஸ். முடிவெடுக்கும்.

இடுக்கி எஸ்டேட் லயத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வரிசையாக 20 வீடுகள். ஒருவர் 21-வது வீட்டைத் தேடிப் போனால்? அன்று நடந்தது அதுதான். மென்பொருள் 20 தகவல்களைத்தான் கொடுத்தது, புது ஃபைலோ 21-வதைக் கேட்டது. முந்தைய சோதனைகளில் அந்த இடத்தில் 'எதுவானாலும் சரி' என்ற குறி இருந்ததால் யாரும் அங்கே எட்டிப் பார்க்கவில்லை.

அப்போது 'நல் பாயிண்டர்' என்று சமூக வலைதளங்களில் பலர் தீர்ப்பே எழுதிவிட்டார்கள். கணினி விழும்போது சேமிக்கும் கிராஷ் டம்ப் வேறு கதை சொன்னது. பூஜ்யமா என்று கோட் முன்பே சரிபார்த்திருந்தது. கையில் இருந்தது பூஜ்யம் அல்ல, எங்கேயோ காட்டும் தப்பான முகவரி.

இதாவது படித்ததும் மாட்டிக்கொண்ட கேஸ். மெமரி கரப்ஷன் இன்னும் மோசம். ஒரு டிரைவர் பக்கத்து வீட்டில் நுழைந்து கிறுக்கிவிட்டுப் போய்விடும். அந்த வீட்டுக்காரர் மணிக்கணக்கில் கழித்துப் பெட்டியைத் திறக்கும்போதுதான் கிராஷ். டம்பில் இருப்பது அவர் பெயர், பாவம்.

அதனால் கிறுக்கும் நொடியிலேயே பிடிக்க வேண்டும். விண்டோஸில் டிரைவர் வெரிஃபையர் அந்த வேலையைச் செய்கிறது. கேரளப் பள்ளி லேப்களில் ஓடும் லினக்ஸை அந்த ஃபைல் தொடவில்லைதான், ஆனால் இந்த நோய் அங்கேயும் உண்டு. 2015-இல் வந்த 4.0 கெர்னலில் கேசான் என்ற கருவி சேர்ந்தது. ஒவ்வொரு 8 பைட்டுக்கும் 1 பைட் கணக்கு வைத்து, எல்லை தாண்டினால் உடனே கத்தும். வேகம் ரொம்பக் குறையும் என்பதால் சோதனை மெஷினில் மட்டும்தான்.

உங்கள் லேப்டாப் ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் விழுகிறதா? ஃபார்மட் அடிக்கும் முன் டம்பைச் சேமித்து வையுங்கள், ராத்திரி ஒரு ரேம் டெஸ்ட் ஓடவிடுங்கள். சில நேரம் குற்றவாளி கோடே இல்லை, ரேம்தான்.