உவர் வயலில் உயிர் தரிக்கும் நுண்ணங்கிகள்

கமக்காரர்களே, கடலோர வயல்களில் உவர் ஏறும்போது நெற்பயிர் மட்டும் துன்புறுவதில்லை. வைக்கோலையும் எருவையும் உக்கச் செய்து பயிருக்குப் போசணை அளிக்கும் நுண்ணங்கிகளும் துன்புறுகின்றன.

உப்பிட்ட மாங்காய்த் துண்டு நீர்விட்டுச் சுருங்குவது போன்று, உவர் நீரிலுள்ள கலத்திலிருந்தும் நீர் வெளியேறும். இதனைத் தடுத்தற்குப் பல நுண்ணங்கிகள் தம்முள்ளே காப்புப் பொருள்களைச் சேர்த்துக்கொள்கின்றன. கிளைசீன் பீற்றெயின், புரோலின், கிளிசரோல், 1985 ஆம் ஆண்டில் கண்டறியப்பட்ட எக்ரோயின் என்பன அவற்றுட் சில. இவை கலத்தினுள் நீரை நிறுத்திவைக்கும். மிகுதியாகச் சேரினும் உள்ளே நடைபெறும் உயிர்த்தொழில்களுக்கு ஊறு செய்யா. உப்பளப் பாத்திகளில் வாழும் துனாலியெல்லா என்னும் நுண்பாசி, கிளிசரோலின் துணையால் மிகச் செறிந்த உப்புநீரிலும் உயிர் தரிக்கின்றது.

ஆனால், இப்பொருள்களை ஆக்குவதற்கு உணவும் சக்தியும் செலவாகும். பீற்றெயின், புரோலின், எக்ரோயின் ஆகியவற்றை ஆக்க நைதரசனும் வேண்டும். சேதனப் பொருள் குன்றிய மண்ணில் இச்செலவைத் தாங்கமாட்டாது நுண்ணங்கிகள் நலிவுறும்.

ஆதலால், முதற்கண் வரம்பு கட்டி மாரி மழைநீரைத் தேக்குக. உப்புக் கரைந்தபின் அந்நீரை வடிகால் வழியே வெளியேற்றுக. எரு உப்பை அகற்றமாட்டாதாகையால் இவ்வேலையைத் தவிர்த்தலாகாது. அதன்பின் கூட்டெருவையும் பசுந்தாட் பசளையையும் இட்டு உழுக. உவரைத் தாங்கும் நெல்லினங்களை உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறிந்து விதைக்க.